கொழுந்து எடுக்கும் ஒட்சிசன்

வணக்கம் நேயர்களே. பச்சைக் கொழுந்தைக் கையில் கசக்கினால் கொஞ்ச நேரத்தில் அது செம்பு நிறமாகிவிடும். தோட்டத்தில் இருக்கும் உங்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தொழிற்சாலையில் ரோலரும் இதையேதான் செய்கிறது. வாடிய இலை நசுங்கும்போது, அதுவரை தனித்தனியாக இருந்த பீனோல் பொருட்களும் நொதியமும், அதாவது இரசாயன மாற்றத்தை விரைவாக்கும் பொருளும், கலந்துவிடுகின்றன. நொதியம் காற்றிலிருந்து ஒட்சிசனை எடுத்து வேலையைத் தொடங்குகிறது. நம் பிளேன்டியின் நிறம் அங்கேதான் பிறக்கிறது.

ஒட்சிசனை எடுக்கிறது என்றேன், அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எடுக்கப்படும் ஒட்சிசனை அளந்துவிட்டால், நொதியம் மாற்றும் பொருள் எவ்வளவு இருந்தது என்பது தெரிந்துவிடும். இரத்தத்திலுள்ள குளுக்கோசானாலும் சரி, தண்ணீரில் கலந்த பீனோலானாலும் சரி, பொருளைத் தேடிப் போக வேண்டாம். ஒட்சிசன் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று பார்த்தால் போதும்.

இந்த வழியைத் திறந்தவர் அமெரிக்கரான லீலண்ட் கிளார்க். ஒட்சிசனை அளக்கும் மின்வாயை அவர் 1956இல் வெளியிட்டார். 1962இல் அவரும் லயன்ஸ் என்ற ஆய்வாளரும் அதன்மேல் குளுக்கோசு ஒட்சிடேசு என்ற நொதியத்தை வைத்தால் குளுக்கோசை அளக்கலாம் என்று காட்டினார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த கதை அதற்குப் பிறகுதான் வருகிறது. 1985இல் சிட்வெல், ரெக்னிட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் வாழைப்பழச் சதையையே எடுத்து ஒட்சிசன் மின்வாயின் நுனியில் வைத்துவிட்டார்கள். ஆமாம், நாம் உரித்துத் தின்கிற அதே வாழைப்பழம்! உரித்த பழம் கறுத்துப்போகக் காரணமான நொதியம் டோபமைனையும் மாற்றும். மாற்றும்போது ஒட்சிசன் குறையும். டோபமைன் நம் மூளையில் செய்தி கடத்தும் பொருள். அதை அளக்க, விலை கொடுத்து வாங்கிய சுத்தமான நொதியம் தேவைப்படவில்லை, பழச்சதையே போதுமாக இருந்தது. கொழுந்தைச் சிவக்க வைப்பதும் இதே வகை நொதியம்தான். பாடசாலையில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், உங்கள் வீட்டைச் சுற்றி எந்த இலை, எந்தக் காய் வெட்டினால் கறுக்கிறது என்று பாருங்கள். கறுக்கிற ஒவ்வொன்றிலும் ஒரு உணரிக்கான, அதாவது அளக்கும் கருவிக்கான, சரக்கு இருக்கலாம்.

சரி, கிளார்க்கின் மின்வாயில் ஒரு குறை உண்டு. அளக்கும்போது அதுவும் ஒட்சிசனைச் செலவழிக்கும். ஒரு சொட்டுத் திரவத்தில் அளக்கப் போனால், அளக்க வேண்டியதை அதுவே தின்றுவிடும். ஒளியால் அளக்கும் உணரி அப்படிச் செய்யாது. நெற்றிப் பொட்டு அளவில் ஒரு மெல்லிய படலம். அதில் ருத்தேனியமோ பிளாற்றினமோ சேர்ந்த சாயம். நீலமோ பச்சையோ ஒளி பட்டால் அது சிவப்பாக ஒளிரும். ஒட்சிசன் மூலக்கூறு வந்து மோதினால் ஒளிரும் முன்னரே சக்தி பறிபோய்விடும். ஒட்சிசன் கூடினால் மங்கும், குறைந்தால் பிரகாசிக்கும். ஆனால் ஒட்சிசன் செலவாவதில்லை. பொட்டைக் கண்ணாடிக் குப்பியின் உள்ளே ஒட்டிவிட்டு வெளியிலிருந்தே பார்க்கலாம். பிரகாசத்தைவிட, ஒளிர்வு எத்தனை மைக்ரோசெக்கன் நீடிக்கிறது என்று அளப்பதே நல்லது. விளக்கு மங்கினாலும் சாயம் கொஞ்சம் வெளுத்தாலும் அந்த அளவு பெரிதாக மாறாது.

நம் மலைக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரம். காற்றில் ஒட்சிசனின் பங்கு கொழும்பைப் போலவே 21 சதவீதம்தான். ஆனால் காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இந்த உணரி காண்பது ஒட்சிசனின் அழுத்தத்தை. கொழும்பில் அளவுதிருத்தம் செய்து இங்கே கொண்டுவந்தால் குறைவாகத்தான் காட்டும். கருவி பழுது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். பயன்படுத்தும் இடத்தில், அன்றைய அழுத்தத்தையும் வெப்பநிலையையும் கொடுத்துத் திருத்துங்கள். பயன்படுத்தும் இடத்தில் என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

நேரம் நெருங்கிவிட்டது. இரட்டைப் பொட்டு முறையைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு பொட்டின்மேல் நொதியம் பூசுவார்கள், பக்கத்துப் பொட்டை வெறுமனே விடுவார்கள். வானிலையாலோ உயரத்தாலோ ஒட்சிசன் மாறினால் இரண்டிலும் தெரியும். நொதியம் எடுத்தது பூசிய பொட்டில் மட்டும் தெரியும். அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் குளுக்கோசைக் கணக்கிடுகிறார்கள். நன்றி, வணக்கம்.