இருபது லட்சம் செல்லில் ஒன்று: மஜ்ஜையில் மார்பகப் புற்றுச் செல்லைத் தேடுவது எப்படி?

[திரையில்: இடுப்பெலும்பு, ஊசி நுழையும் மேடு]

கட்டி சின்னது, எலும்பு ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. அப்படியும் சிலருடைய இடுப்பெலும்பு மஜ்ஜையில் புற்றுச் செல்கள் ஒற்றை ஒற்றையாகத் தங்கியிருக்கும். திரண்டு கட்டியானால்தான் ஸ்கேனில் தெரியும். ஒற்றைச் செல்லுக்கு மைக்ரோஸ்கோப்தான் வழி.

பெரும்பாலும் அறுவை சிகிச்சை மயக்கத்திலேயே, கட்டியில் கை வைக்கும் முன் மஜ்ஜையை எடுத்துவிடுவார்கள். ஊசி போடுமுன் தோலைப் பிளேடால் லேசாகக் கீறிக்கொள்ள வேண்டும். தோல் துணுக்கு ஊசியோடு போனால் வம்பு: மார்பகப் புற்றுச் செல்லைக் காட்டிக்கொடுப்பதாக நாம் தேடும் சைட்டோகெராட்டின் புரதம் தோல் செல்லிலும் உண்டு. ஒரே இடத்தில் நிறைய உறிஞ்சினால் ரத்தம் கலந்து மஜ்ஜை நீர்த்துவிடும்.

[திரையில்: சென்ட்ரிபியூஜ் குழாய், நடுவில் வெண்படலம்]

மஜ்ஜையை 1.077 அடர்த்தியுள்ள ஃபைகால் திரவத்தின் மேல் மெதுவாக விட்டுச் சுற்றினால் சிவப்பணுக்கள் அடியில் போய்விடும். நடுப்படலத்தை எடுத்து ஸ்லைடில் பரப்பி, சைட்டோகெராட்டினைப் பிடிக்கும் ஏ45-பி/பி3 ஆன்டிபாடியால் சாயமேற்றுவார்கள். புற்றுச் செல் சிவப்பாகத் தெரியும்.

வழக்கமாக 20 லட்சம் செல்களைப் பார்ப்பார்கள். அதுவும் குறைவுதான். 20 லட்சத்துக்கு ஒன்று என்ற கணக்கில் இருந்தால், மூன்று மாதிரியில் ஒன்றுக்கு மேல் அந்தச் செல் வராமலே போகும். 'இல்லை' என்ற ரிப்போர்ட்டை அப்படித்தான் படிக்க வேண்டும்.

[திரையில்: பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சிவப்புச் செல்கள்]

'இருக்கிறது' என்பதிலும் கவனம் வேண்டும். சாயத்தில் சிவப்பு நிறம் தரும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி சில மஜ்ஜை செல்களில் இயல்பாகவே உண்டு; அவையும் சிவந்துவிடும். லெவமிசோல் என்ற மருந்தைச் சேர்த்து அதை அடக்கினாலும் எல்லாம் அடங்காது. இடது பக்கம் உள்ளது பிளாஸ்மா செல், மஜ்ஜையின் இயல்பான செல்தான்: நியூக்ளியஸ் ஓரம் ஒதுங்கியிருக்கிறது. வலது பக்கம் நியூக்ளியஸ் பெரிது, சாயம் நார் நாராகப் படிந்து அதன் மேலும் ஏறியிருக்கிறது. சந்தேகம் இதன் மேல்தான். சைட்டோகெராட்டினைப் பிடிக்காத ஆன்டிபாடி போட்ட கன்ட்ரோல் ஸ்லைடுகளையும் அதே எண்ணிக்கையில் பார்க்க வேண்டும். அதிலும் சிவப்புச் செல் வந்தால் அந்த முடிவை நம்பக் கூடாது.

2005இல் வெளியான கூட்டாய்வில் 4,703 பெண்களில் 30.6 சதவீதம் பேருக்கு இச்செல்கள் இருந்தன. அவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்தும் கூடுதல். ஆரம்பநிலை நோயாளிகளை மட்டும் எடுத்த அமெரிக்காவின் இசட்0010 ஆய்விலோ 3,413 மாதிரிகளில் வெறும் 3 சதவீதம். நோயாளிகளும் வேறு, சோதனை முறையும் வேறு. இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது.

செல் கிடைத்தாலும் அது வேறு உறுப்புக்குப் பரவிய நான்காம் நிலை அல்ல. 0.2 மில்லிமீட்டருக்கு மேற்படாத சேர்க்கை, வேறு அறிகுறியும் இல்லை என்றால் 'எம் ஜீரோ, ஐ பிளஸ்' (பரவல் இல்லை, தனிச் செல்கள் உண்டு) என்று குறிப்பார்கள், நிலை மாறாது. இதை வைத்துச் சிகிச்சையை முடிவு செய்ய அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் 2007 வழிகாட்டுதல் பரிந்துரைக்கவில்லை.