துண்டுச் சீட்டும் இலைத் தராசும்

வணக்கம். கோத்தகிரியில் எங்கள் தேயிலைக் காட்டு மேட்டில் நின்று பேசுகிறேன். காற்றின் இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிறரை வசப்படுத்தச் சாமம் (இன்சொல்), தானம் (கொடுத்தல்), பேதம் (பிரித்தல்), தண்டம் (தண்டித்தல்) என நான்கு வழிகளைப் பழைய அரசியல் மரபு சொல்கிறது. என் கணிப்பில் மிகவும் ஆபத்தானது தானமே. அடிப்பவனை எதிர்க்க ஆள் சேரும். கொடுப்பவனையோ கும்பிட்டு வாங்கிக்கொள்கிறோம்.

என் தாத்தா இலங்கைத் தோட்டத்தில் பிறந்து, 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி நீலகிரிக்கு வந்தவர். அவருடைய முன்னோர் காலத்தில் கங்காணி ஊருக்கு வந்து, வழிச்செலவுக்கு முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பார். அது தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறும். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் கடன் தொகை எழுதிய 'துண்டு' வேண்டும். அந்தக் கடனைப் புதிய தோட்டம் கட்டினால்தான் ஆளை விடுவார்கள். கங்காணி பெரும்பாலும் சொந்த ஊர்க்காரர், சில சமயம் மாமன் முறையும்கூட. அவரிடம் கணக்குக் கேட்பதே நன்றிகெட்டதனமாகத் தோன்றும். துண்டு முறையை 1921இல் சட்டம் ஒழித்தது. தந்திரம் ஒழியவில்லை.

அம்மாவின் அறுவை சிகிச்சையின்போது, நான் கேட்காமலே எங்களிடம் பச்சைத் தேயிலை வாங்கும் இலை ஏஜென்ட் இருபதாயிரம் ரூபாய் கொண்டுவந்து தந்தார். "நம்ம வீட்டுப் பிள்ளைக்கு எதற்குத் தம்பி எழுத்து?" என்றார். உறைபனி விழுந்து, வெயில் சுள்ளென்று அடிக்கும் மாதத்தில்கூட இலையில் ஈரம் இருக்கிறதென்று மூட்டைக்கு இரண்டு கிலோ 'ஈரக் கழிவு' என எடையில் அவர் குறைத்தபோது, என் வாய் திறக்கவில்லை.

பிறகு ஒரு தொங்கு தராசு வாங்கி, காட்டு ஓரத்திலேயே எடைபோட்டுத் தேதியோடு நோட்டில் எழுதினேன். கடனைத் தவணை தவணையாக, தேதி பதிவாகும்படி, போனிலேயே அனுப்பினேன். சண்டை எதுவும் போடவில்லை. கடன் தீராமல் சண்டை போட்டால் ஊர் அவர் பக்கம்தான் நிற்கும்.

நோட்டைப் பக்கத்துக் காட்டுக்காரர்கள் மூவரிடம் காட்டிய மாலையில்தான் பேதம் புரிந்தது. "உனக்கு மட்டும் கிலோவுக்கு ஐம்பது பைசா கூட்டித் தருகிறேன், வெளியே சொல்லாதே" என்று ஏஜென்ட் என்னிடம் சொல்லியிருந்ததைத் தயக்கத்தோடு சொன்னேன். அடுப்பங்கரையில் யாரும் பேசவில்லை. மூத்தவர் தேநீர் டம்ளரைக் கீழே வைத்து, "எனக்கும் அதே ஐம்பது பைசாதான்" என்றார். மற்ற இருவரும் தலையசைத்தார்கள்.