மெகட்ரானின் விசையை இழுப்பது யார்?

டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்றால் வாகனமாகவும் ஆயுதமாகவும் உருமாறும் ரோபோக்கள். அவர்களில் தலைமை வில்லன் மெகட்ரான். ஒரு கொடுங்கோலன். கோள்களையே கொள்ளையடிக்கிறவன். சண்டை சூடு பிடித்ததும் அவன் என்ன செய்கிறான் தெரியுமா? கைத்துப்பாக்கியாக மடங்கிச் சுருங்கி, தன் நாற்காலியைப் பறிக்கத் துடிக்கும் துரோகியின் கையில் போய் விழுகிறான். ‘சுடு’ என்கிறான்.

வில்லன் வரலாற்றில் இதைவிட விசித்திரமான ஆயுதத் திட்டம் ஒன்று இருந்தால் கருத்துப் பெட்டியில் எழுதுங்கள். எனக்குத் தெரிந்து இல்லை.

[திரையில்: 1984ஆம் ஆண்டு மெகட்ரான் பொம்மை, மெதுவாகச் சுழல்கிறது]

முன்கதையை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். சைபர்ட்ரான் என்றொரு இயந்திரக் கோள். ஆட்டோபாட்கள் நல்லவர்கள், டிசெப்டிகான்கள் கெட்டவர்கள். அங்கே தலைவன் ஆப்டிமஸ் பிரைம், இங்கே மெகட்ரான். சண்டை முற்றிப் பூமிக்கு வந்தது. போதும்.

மெகட்ரான் என்ற பெயரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. பெயர் வைத்தவர் மார்வெல் காமிக்ஸ் நிறுவனத்தின் பாப் புடியான்ஸ்கி. அணுகுண்டின் வலிமையை அளக்கும் ‘மெகாடன்’ என்ற சொல்லையும் ‘எலக்ட்ரானிக்’ என்ற சொல்லையும் முடிச்சுப் போட்டார். பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோ, பெயர் மிகவும் பயமுறுத்துகிறதே என்று தயங்கியது. தலைமை வில்லன் பயமுறுத்தாமல் வேறு யார் பயமுறுத்துவது என்பது அவர் வாதம். பெயர் நின்றது.

சரி, துப்பாக்கிக்கு வருவோம். நான் இந்த வீடியோவை எடுத்ததே இதற்காகத்தான்.

டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைகளை ஹாஸ்ப்ரோ புதிதாக உருவாக்கவில்லை. ஜப்பானின் டகாரா நிறுவனம் ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்த இரண்டு வரிசைகளை வாங்கிக் கலந்தது. கலந்த இடத்தில்தான் வேடிக்கை ஆரம்பம்.

முதல் வரிசை டயாக்ளோன். இதில் கார், லாரி எல்லாம் ரோபோவாக மாறும். ஆனால் அவற்றுக்கு உயிர் கிடையாது. ஓட்ட ஆள் வேண்டும். அதற்காக 3 சென்டிமீட்டர் உயரத்தில், பாதத்தில் காந்தம் வைத்த குட்டி ஓட்டுநர்கள் உண்டு. ஓட்டுநர் இத்தனூண்டு என்றால், உண்மையில் அந்த ரோபோ எவ்வளவு பெரியது என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். லாரியாக மாறும் ஆப்டிமஸ் பிரைம் இந்த வீட்டுப் பிள்ளை.

இரண்டாவது வரிசை மைக்ரோ சேஞ்ச். இதன் யோசனை நேர் எதிர். இங்கே பொம்மை எதையும் சிறிதாக்கிக் காட்டுவதில்லை. மேஜைமேல் கிடக்கும் கேமரா, மைக்ரோஸ்கோப், டேப் ரெக்கார்டர் எல்லாம் கிட்டத்தட்ட அதே அளவில் இருக்கும். யாரும் பார்க்காத நேரத்தில் எழுந்து நிற்கும் குட்டி ரோபோக்கள் அவை. டேப் ரெக்கார்டராக மாறும் சவுண்ட்வேவ் இங்கிருந்து வந்தவன். மெகட்ரானும் இங்கிருந்துதான் வந்தான், வால்தர் பி38 கைத்துப்பாக்கியாக. துப்பாக்கிக்கு மேலே தொலைநோக்கி, முன்னே சைலன்சர், பின்னே தோளில் முட்டுக்கொடுக்கும் கட்டை. 1960களின் அமெரிக்க உளவாளித் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் வந்த துப்பாக்கியைப் பார்த்துச் செய்தது.

ஆக, ஒருவன் லாரி அளவு ராட்சதன், இன்னொருவன் கையடக்கக் குட்டி. இவர்கள் இருவரையும் பரம எதிரிகள் என்று அறிவித்து, ஒரே உயரத்தில் எதிரெதிரே நிறுத்தினார்கள்! கார்ட்டூன் வரைந்தவர்களுக்கு வேறு வழியில்லை. மெகட்ரான் மாறும்போது சுருங்க வேண்டியதாயிற்று. மிச்ச உடம்பு எங்கே போனது என்று கேட்கக் கூடாது. ரசிகர்கள் கேட்டார்கள், இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

[திரையில்: பொம்மையின் கால்களுக்கு நடுவே அம்புக்குறி]

பொம்மையையே கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். தொலைநோக்கிதான் கையில் மாட்டும் பீரங்கி. அருமை. ஆனால் துப்பாக்கியின் விசையை ஒளித்துவைக்க இடமில்லை. ரோபோவாக நிமிர்ந்ததும் அது இரண்டு கால்களுக்கு நடுவே தொங்குகிறது. அண்டத்தையே நடுங்கவைக்கும் தலைவன்! இதற்குமேல் நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

இன்னொன்று. தொடக்கத்தில் சொன்ன துரோகியின் பெயர் ஸ்டார்ஸ்க்ரீம். அவன் பொம்மையின் கையில் இந்தத் துப்பாக்கியைக் கொடுக்கவே முடியாது. அவ்வளவு பெரியது. அது பிள்ளைகளின் கைக்கு அளவெடுத்துச் செய்தது.

கார்ட்டூனில் நிலைமை வேறு. எஃப்-15 போர் விமானமாக மாறும் ஸ்டார்ஸ்க்ரீம், தளபதி என்ற பெயரில் தலைமைக்குக் குழி பறிப்பவன். இது ஊரறிந்த விஷயம், மெகட்ரானுக்கும் தெரியும். தெரிந்தே அவன் கையில் போய் உட்காருகிறான். முட்டாள்தனம் என்பார்கள். எனக்கென்னவோ, அது ஆணவத்தின் உச்சம் என்றுதான் படுகிறது: ‘என்னைக் கையில் வைத்திருந்தாலும் உன்னால் என்னை ஒன்றும் செய்ய முடியாது.’

1986இல் வந்த திரைப்படத்தில் இந்தக் கணக்கு தீர்க்கப்படுகிறது. தொடக்கத்தில் ஆட்டோபாட் விண்கலத்துக்குள் மெகட்ரான் துப்பாக்கியாகிறான். எடுத்துச் சுடுகிறவன் ஸ்டார்ஸ்க்ரீம். சிறிது நேரம் கழித்து, அடிபட்டுக் கிடக்கும் அதே மெகட்ரானை விண்வெளியில் தூக்கி எறிகிறவனும் ஸ்டார்ஸ்க்ரீம்தான். மிதந்து போனவனைக் கோள்களை விழுங்கும் யூனிக்ரான் மீட்டுப் புதிய உடல் தருகிறான், பெயர் கால்வட்ரான். கைத்துப்பாக்கி போய்விட்டது. இப்போது அவன் தரையில் தானாக நிற்கும் பீரங்கி. பிடிக்க ஒரு கை வேண்டாம், இழுக்க ஒரு விரல் வேண்டாம்.

திரும்பி வருகிறான். ஸ்டார்ஸ்க்ரீமுக்கு முடிசூட்டு விழா நடந்துகொண்டிருக்கிறது. கால்வட்ரான் பீரங்கியாக மாறி, தானே சுடுகிறான். மிஞ்சியது சாம்பல்.

அந்தக் காட்சியை எழுதியவர்கள் இதையெல்லாம் யோசித்துத்தான் எழுதினார்களா, தற்செயலாக அமைந்ததா என்ற கவலை எனக்கு இல்லை. இருபது முறையாவது பார்த்திருப்பேன்.

பிறகு நடந்தது சுருக்கமாக. அசல் துப்பாக்கிபோல் தோன்றும் பொம்மைகளுக்கு முனையில் பளிச்சென்ற ஆரஞ்சு நிறம் வேண்டும் என்று 1988இல் அமெரிக்கா சட்டம் போட்டது. 1993இல் வந்த மெகட்ரான் பச்சை நிற டாங்கி. 2007 திரைப்படத்தில் வேற்றுக்கோள் விமானம்.

மெகட்ரானுக்குக் குரல் கொடுத்த ஃபிராங்க் வெல்கரைச் சொல்லாமல் விட்டால் திட்டுவீர்கள். ஸ்கூபி-டூ கார்ட்டூனில் 1969 முதல் ஃபிரெட் என்ற சமர்த்துப் பையனின் குரலும் அவருடையதுதான். அடுத்தமுறை ஃபிரெட் பேசும்போது கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள், உங்களுக்கு மெகட்ரான் தட்டுப்படுகிறானா என்று சொல்லுங்கள். எனக்குத் தட்டுப்படவே இல்லை.