புதன் இரவா, வியாழன் அதிகாலையா?

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

மாங்குளம் சந்தியில் நள்ளிரவு வேளையில் பஸ்ஸுக்காகக் காத்து நின்றவர்களுக்கு அந்த நேரம் எப்படிப்பட்டது என்று தெரியும். ஏ-9 வீதியில் வடக்கே தோன்றும் ஒவ்வொரு வெளிச்சமும் நம்முடைய பஸ் என்றே மனம் சொல்லும். கிட்ட வந்தால் அது லொறியாக இருக்கும், அல்லது வேகம் குறையாமல் கடந்து போகும் வேறொரு பஸ்ஸாக இருக்கும். அண்மையில் ஒரு புதன்கிழமை இரவு என் அக்காவுடன் அப்படி நின்றேன். மறுநாள் வியாழன் காலை அவருக்குக் கொழும்புக்கு அருகே மகரகமையில் கிளினிக். நாங்கள் இருப்பது ஒட்டுசுட்டானில். இரவில் அங்கிருந்து மாங்குளம் வருவதற்கு ஓட்டோவைத் தவிர வேறு வழியில்லை. யானை நடமாட்டம் உள்ள வீதி என்பதால் ஓட்டோக்காரத் தம்பி எங்களைப் பத்தரை மணிக்கே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

ஆசனங்களை ஐந்து நாட்களுக்கு முன்பே கைத்தொலைபேசிச் செயலி ஒன்றில் பதிவு செய்திருந்தேன். கொழும்பு பஸ் யாழ்ப்பாணத்தில் இரவு 10 மணிக்குப் புறப்படும், மாங்குளத்துக்கு 12.10இற்கு வரும் என்று அதில் இருந்தது. நள்ளிரவு தாண்டிய பத்தாவது நிமிடம் வியாழக்கிழமையைச் சேர்ந்தது அல்லவா? ஆகவே வியாழக்கிழமைத் திகதியைத் தொட்டு, இரண்டு ஆசனங்களைத் தெரிந்து, மகளின் வங்கி அட்டையால் பணம் செலுத்தினேன். உறுதிப்படுத்தும் குறுஞ்செய்தியும் வந்தது.

பஸ் பன்னிரண்டரைக்கு வந்தது. முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, ஆட்கள் கச்சான் வாங்கி ஏறுவதற்குள் தாமதம் ஆகத்தான் செய்யும். அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். நடத்துநர் கையிலிருந்த பட்டியலை இரண்டு முறை பார்த்தார். பிறகு என் தொலைபேசியை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஐயா, உங்கள் ஆசனம் நாளை இரவு வண்டியில் இருக்கிறது" என்றார்.

அந்தச் செயலியின் கணக்கில் பயணத் திகதி என்பது பஸ் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்படும் நாள். மாங்குளத்தில் நான் ஏறும் நாள் அதற்குப் பொருட்டில்லை. வியாழன் என்று நான் தொட்டதும், வியாழன் இரவு 10 மணிக்குப் புறப்பட்டு, வெள்ளி 12.10இற்கு மாங்குளம் வரும் வண்டியை அது எனக்குத் தந்துவிட்டது. ஏறும் இடத்துக்கு நேரே 12.10 என்ற நேரம் மட்டும் இருந்தது. அது எந்த நாளின் 12.10 என்று எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை.

இது படிப்பில்லாதவர்கள் விடும் பிழை என்று நினைக்க வேண்டாம். நான் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கவனமாகப் படித்து, கணக்குப் பார்த்தே திகதியைத் தெரிவு செய்தேன். கவனமாகப் பார்ப்பவர்தான் இந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறார். என் தாயார் உயிரோடு இருந்திருந்தால், "புதன் இரவு வண்டிக்குப் போகிறோம்" என்று சொல்லிப் புதனையே தொடச் சொல்லியிருப்பார். அதுவே சரியாகவும் இருந்திருக்கும். நம்முடைய பஞ்சாங்கத்தில் கிழமை சூரிய உதயத்தோடுதான் மாறுகிறது. விடியும் வரைக்கும் அது புதன் இரவுதான். சிவராத்திரிக்கு விழித்திருப்பவர் பன்னிரண்டு மணி அடித்ததும் நாள் மாறிவிட்டது என்று படுக்கப் போவதில்லையே.

நேயர்களே, இந்தக் குழப்பம் யாருக்கு நேர்கிறது என்று யோசித்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் ஏறுகிறவர் இரவு 10 மணிக்கு ஏறுகிறார். அவருக்குப் புதன் என்றால் புதன்தான். கொழும்பிலிருந்து இரவில் புறப்பட்டு வருகிறவரும் அப்படியே. வன்னியில் அவர் இறங்குவது மறுநாள் அதிகாலை என்றாலும், இறங்குவதற்குத் திகதி தேவையில்லை. கிளிநொச்சி, முறிகண்டி, மாங்குளம், புளியங்குளம், ஓமந்தை, வவுனியா என்று வழியில் நிற்கும் நமக்குத்தான், வடக்கே முன்னிரவில் புறப்பட்ட பஸ்கள் நாள் மாறும் வேளையில் வந்து சேருகின்றன. புறப்படும் ஊர், போய்ச்சேரும் ஊர் என்ற இரண்டு கட்டங்களை மட்டும் மனதில் வைத்துச் செயலியைச் செய்கிறார்கள். நாம் இருப்பது அந்த இரண்டுக்கும் நடுவில். கட்டணத்தைப் பாருங்கள்: மாங்குளத்தில் ஏறிய எங்களிடமும் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கான முழுத் தொகையே எடுக்கப்பட்டிருந்தது.

இடையில் இருப்பது நமக்குப் புதிதல்ல. போரால் மூடிக் கிடந்த ஏ-9 2002இல் திறந்தபோதும், 2006 ஓகஸ்டில் அது மறுபடி மூடப்பட்டபோதும் நாம் இடையில்தான் இருந்தோம். ஓமந்தைச் சோதனைச்சாவடியில் இறங்கி, பொதிகளை அவிழ்த்துக் காட்டி, மீண்டும் ஏறிப் போனவர்கள் இப்போதும் இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். கிளிநொச்சிக்குப் புகையிரதம் திரும்பி வந்ததே 2013 செப்டெம்பரில்தான். அப்படிப்பட்ட பாதையில், வீட்டுத் திண்ணையில் இருந்தபடி ஓர் ஆசனத்தை நம் பெயருக்கு ஒதுக்கிவைக்க முடிகிறது என்பது பெரிய காரியம். அதை நான் மனதாரச் சொல்கிறேன். முன்பெல்லாம் சந்தியில் கைகாட்டிக் கைகாட்டி, நிறைந்த பஸ்கள் நிற்காமல் போவதைப் பார்த்து நின்றோம். நோயாளியோடு நிற்பவருக்கு அது எத்தனை பெரிய வேதனை! இன்று பட்டியலில் பெயர் இருந்தால் பஸ் நிற்கிறது. பெண்கள் பதிவு செய்த ஆசனத்தை வேறு நிறத்தில் காட்டும் செயலிகளும் உண்டு. தனியாகப் போகும் பெண் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு ஆறுதல்.

அந்த இரவில் எங்களைக் காப்பாற்றியவர் நடத்துநர். பின்வரிசையில் ஓர் ஆசனம் வெறுமையாக இருந்தது. அக்காவைப் பார்த்ததும் முன்னால் இருந்த இளைஞர் ஒருவர் எழுந்து தம் இடத்தைக் கொடுத்துவிட்டுப் பின்னால் போனார். நான் சாரதிக்குப் பக்கத்தில், இயந்திரப் பெட்டியின் மேல் இருந்து வந்தேன். இரண்டு பேருக்கும் மறுபடி பணம் கொடுத்தோம். அக்கா வழிநெடுக, "என்னால்தானே தம்பி உனக்கு இந்தக் கஷ்டம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பணம் போனது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்தச் சொல்தான் இன்னும் உறுத்துகிறது. விடியக் கொழும்பு புறக்கோட்டையில் இறங்கி, 138 இலக்க பஸ்ஸில் மகரகமைக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

முதலில் கட்டிய பணத்தை மீளக் கேட்டேன். புறப்படுவதற்கு 24 மணித்தியாலங்களுக்கு முன்பே இரத்துச் செய்திருக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி வந்தது. அந்த விதி பதிவு செய்யும் பக்கத்தின் அடியில், சிறிய எழுத்தில் இருந்ததைப் பிறகு பார்த்தேன். பணம் செலுத்துவதற்கு முன் அந்தப் பகுதியை ஒருமுறை படியுங்கள். ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.

ஊர்ப்பெயர்களையும் கவனியுங்கள். முல்லைத்தீவை ஆங்கிலத்தில் ஒருவர் எழுதுவதுபோல் இன்னொருவர் எழுதுவதில்லை. ஓர் எழுத்து மாறினால் "அப்படி ஓர் ஊர் இல்லை" என்று செயலி சொல்லிவிடும். புதுக்குடியிருப்பு நம்மிடமும் உண்டு, மட்டக்களப்பிலும் உண்டு. பஸ்ஸின் பெயர்ப்பலகையில் மூன்று மொழிகளிலும் ஊர்ப்பெயர் எழுதுகிற நாட்டில், பயணச்சீட்டு விற்கும் செயலியில் தமிழ் இருக்க வேண்டும் என்று கேட்பது அதிகப்படியான ஆசையா?

செயலிகளை உருவாக்குகிற இளைஞர்கள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்களில் நம் பல்கலைக்கழகங்களில் படித்த பிள்ளைகளும் இருப்பீர்கள். ஏறும் இடத்தின் நேரத்துக்குப் பக்கத்தில் கிழமையையும் எழுதிவிடுங்கள். "புதன் இரவு, விடிந்தால் வியாழன்" என்று நான்கு சொற்கள் போதும். அந்த நான்கு சொற்கள் இருந்திருந்தால் என் அக்கா அந்த இரவில் என்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்க மாட்டார்.

அதுவரை நாம் செய்யக்கூடியது, பதிவு செய்ததும் நடத்துநரின் இலக்கத்தை எடுத்துப் பேசிவிடுவது. குறுஞ்செய்தியில் பெரும்பாலும் அந்த இலக்கம் இருக்கும். "மாங்குளத்தில் ஏறுகிறோம், புதன் இரவு வண்டிதானே?" என்று கேட்டால் அவர் உடனே சொல்லிவிடுவார்.

அக்காவுக்கு அடுத்த கிளினிக்கும் ஒரு வியாழக்கிழமைதான். சுவர் நாட்காட்டியில் அதற்கு முந்திய புதன்கிழமைக் கட்டத்துக்குள் "இரவு பஸ்" என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். ஆசனம் பதிவு செய்தாகிவிட்டது. நடத்துநரிடம் நேற்றே பேசிவிட்டேன்.

வணக்கம்.