மூன்று இலக்கம் விட்டுப்போனால் மழை மாறுமா?

வணக்கம் மக்களே. தமிழ்நாடு-கேரள எல்லையில், புளியரை தாண்டி ஆரியங்காவு போகிற மலைப்பாதையில், ஒரு டீக்கடை ஓரமாக நிற்கிறேன். மைக்கில் சாரல் விழுகிற சத்தம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரமே எடுக்க வேண்டிய வீடியோ இது. பத்து நாள் முன்னாடியே போனில் வானிலை பார்த்து, வெயில் என்று போட்டிருந்த நாளைக் குறித்துவைத்தேன். வந்தால் கேமராவை வெளியே எடுக்க முடியாத மழை. திட்டிக்கொண்டே திரும்பினேன். பாதி வழியில்தான் உறைத்தது: நான் பேச வந்த விஷயமே இதுதானே! கேயாஸ் கோட்பாடு: தொடக்கத்தில் துளி மாறினாலும் போகப்போக முடிவு அடியோடு மாறிவிடுகிற கதை.

ஒழுங்கின்மைக் கோட்பாடு என்று தமிழில் எழுதுகிறார்கள். எனக்கு அந்தப் பெயர் அவ்வளவாகப் பிடிக்காது. இதில் விதி ரொம்பக் கறார். குருட்டு அதிர்ஷ்டத்துக்கு இடமே கிடையாது.

சரி, கால்குலேட்டரை எடுங்கள். ஒரு டீ 12 ரூபாய் என்றால் பத்து டீ 120. இது நேரியல் கணக்கு. குளத்து மீன் அப்படிப் பெருகாது. மீன் கூடக் கூட குஞ்சும் கூடும், ஆனால் இடமும் தீனியும் குறையும். குளம் நிறைந்தால் 1 என்று வைத்துக்கொள்வோம். இருக்கிற மீனை மிச்ச இடத்தால் பெருக்கி, அதை 4ஆல் பெருக்கினால் அடுத்த வருஷ மீன். 0.3இல் தொடங்கினால் 0.3 × 0.7 × 4, அதாவது 0.84. அதற்கடுத்த வருஷம் 0.5376. இப்படியே போகலாம்.

இப்போது 0.301இல் தொடங்குங்கள். மூன்றாம் வருஷம் வரை இரண்டும் ஒட்டியே வரும்: 0.994, 0.996. எட்டாம் வருஷம் 0.448, 0.719. பத்தாம் வருஷம் ஒரு குளத்தில் 0.043, இன்னொன்றில் 0.620! விதி ஒன்றுதான், தொடக்கத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் வித்தியாசம். அந்த 4க்குப் பதில் 2.5 போட்டால் இந்தக் கூத்தே இல்லை, இரண்டு குளமும் சமர்த்தாக 0.6க்குப் போய்ச் சேரும்.

இந்த மலைமுகட்டைப் பாருங்கள். அந்தக் கேரளப் பக்கம் விழுகிற துளி கல்லடை ஆற்றோடு அஷ்டமுடிக் காயலுக்குப் போய் அரபிக்கடலில் சேரும். இந்தப் பக்கத்துத் துளி சிற்றாறு, தாமிரபரணி வழியாக மன்னார் வளைகுடாவுக்கு. ஆனால் அந்தப் பிரிவு முகட்டுக் கோட்டில் மட்டும்தான். கீழே பத்தடி தள்ளி விழுந்தால் வித்தியாசமே இல்லை. கேயாஸில் எங்கே விழுந்தாலும் முகடுதான்.

1961இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் லொரென்ஸ் என்ற வானிலை ஆய்வாளர் கணினியில் ஒரு குட்டி வானிலையை ஓட்டிக்கொண்டிருந்தார். ஓட்டத்தில் ஒரு பகுதியைத் திரும்பப் பார்க்க, அச்சில் இருந்த 0.506ஐத் தட்டிவிட்டு காபி குடிக்கப் போனார். கணினிக்குள் இருந்ததோ 0.506127. திரும்பி வந்தால் வானிலையே வேறு. முதலில் மெஷின்தான் கெட்டுப்போச்சு என்று நினைத்தாராம். நியாயமான சந்தேகம்தான், நானும் அதைத்தான் நினைத்திருப்பேன்.

பிரேசில் பட்டாம்பூச்சி டெக்சாஸில் சூறாவளியைக் கிளப்புமா என்பது 1972இல் அவர் பேச்சின் தலைப்பு. அது கேள்விதான். நம் ஆட்கள் அதை 'பூச்சி சிறகடித்தால் புயல் வரும்' என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். பூச்சிக்கு ஏது அந்த பலம்? அத்தனை சின்ன வித்தியாசத்தைக்கூட விட்டுவிட முடியாது என்பதுதான் அவர் கவலை.

அப்போ இன்னும் துல்லியமாக அளந்தால் போதாதா என்று கேட்பீர்கள். நம் குளத்தில் பிழை சராசரியாக வருஷத்துக்கு இரட்டிக்கிறது. பத்து மடங்கு துல்லியமாக அளந்தாலும் கூடுதலாகக் கிடைப்பது மூணு நாலு வருஷம்தான். அதனால் வானிலைக்காரர்கள் தொடக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிப் பல தடவை ஓட்டிப் பார்க்கிறார்கள். எல்லாம் ஒரே மாதிரி வந்தால் தைரியமாகச் சொல்லலாம். சிதறினால் 'மழைக்கு இத்தனை சதவீத வாய்ப்பு' என்றுதான் சொல்ல முடியும்.

0.3001 போட்டு எந்த வருஷம் பிரிகிறது என்று கமெண்டில் எழுதுங்கள். மழை வலுக்கிறது, கேமராவை மூடுகிறேன்.