எந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதுவது?

நேயர்களுக்கு வணக்கம். தொழிலில் நயமாக நடந்துகொள்ள வேண்டும் என்று சொன்னால், குழைந்து பேசச் சொல்கிறேன் என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். பாக்கியைக் கேட்டுத்தான் ஆக வேண்டும், மட்டமான சரக்கைத் திருப்பி அனுப்பித்தான் ஆக வேண்டும். ஆனால் அதைச் செய்யும்போது, எதிரில் இருப்பவர் மானத்தோடு இறங்கி வர ஒரு வழி விட்டு வைத்திருக்கிறோமா? நான் பார்ப்பது இது ஒன்றைத்தான்.

எங்கே பேசினாலும் நான் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று உண்டு, இங்கேயும் சொல்லிவிடுகிறேன். 1962 அக்டோபர். கியூபாவில் சோவியத் ஏவுகணைகள், சுற்றிலும் அமெரிக்கக் கப்பல்கள், உலகமே அணு ஆயுதப் போருக்குப் பயந்துகொண்டிருந்த நாட்கள். 26ஆம் தேதி சோவியத் தலைவர் குருஷ்சேவிடமிருந்து அமெரிக்க அதிபர் கென்னடிக்கு நீளமாக ஒரு கடிதம் வருகிறது. மனம் விட்டு எழுதிய கடிதம். கியூபாவைத் தாக்கமாட்டோம் என்று நீங்கள் உறுதி கொடுத்தால் பிரச்சினை தீர வழி இருக்கிறது என்பது அதன் சாரம். மறுநாளே இன்னொரு கடிதம், இது கறார்: துருக்கியில் இருக்கும் உங்கள் ஏவுகணைகளையும் எடுக்க வேண்டும். நாமாக இருந்தால் என்ன செய்வோம்? ‘நேற்று ஒன்று, இன்று ஒன்றா’ என்று இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு சண்டைக்குப் போவோம். கென்னடி முதல் கடிதத்துக்குப் பதில் எழுதினார். துருக்கி விஷயத்தை விட்டுவிடவும் இல்லை, தம்பி ராபர்ட்டை அனுப்பி, அந்த ஏவுகணைகளும் போய்விடும், ஆனால் இது வெளியே வரக் கூடாது என்று சோவியத் தூதரிடம் தனியாகச் சொல்ல வைத்தார். 28ஆம் தேதி ஏவுகணைகளைத் திரும்ப எடுப்பதாக மாஸ்கோ அறிவித்தது. மிரட்டலுக்குப் பணிந்தார் என்ற பேச்சு கென்னடிக்கு வரவில்லை. கியூபாவைக் காப்பாற்றிவிட்டோம் என்று சொல்லிக்கொள்ள குருஷ்சேவுக்கும் இடம் கிடைத்தது.

இதையே நம் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். வாடிக்கையாளர் காலையில் ஒரு மின்னஞ்சல் அனுப்புகிறார், சரக்கு எப்போது வரும் என்று. மாலையில் இன்னொன்று, ஆர்டரை ரத்து செய்துவிடுவேன், உங்களை நம்பியது தப்பு என்று. நம் கை தானாகவே மாலைக் கடிதத்துக்குத்தான் போகும், ஒவ்வொரு வரிக்கும் மறுப்பு எழுத. வேண்டாம். காலைக் கடிதத்துக்குப் பதில் எழுதுங்கள்: தாமதத்துக்கு ஒரு வரியில் வருத்தம், சரக்கு வந்து சேரும் தேதி, அவ்வளவுதான். மாலையில் எழுதியதை நினைத்து அவரே அதற்குள் சங்கடப்பட்டுக்கொண்டிருக்கலாம், அதை ஏன் கையில் எடுத்து அவருக்கே திருப்பிக் காட்ட வேண்டும்?

பாக்கி கேட்பதும் இப்படித்தான். ‘ஏன் இன்னும் பணம் வரவில்லை’ என்று தொடங்கினால் அவர் பதில் சொல்வதற்கு முன்பே குற்றவாளி ஆகிவிடுகிறார். ‘எங்கள் பில் உங்கள் கணக்குப் பிரிவுக்கு வந்து சேர்ந்ததா, எந்தத் தேதியில் எதிர்பார்க்கலாம்’ என்று கேளுங்கள். தேதியை மட்டும் விடாதீர்கள், அது இல்லாமல் பேச்சை முடிக்காதீர்கள். இன்னொன்று, அவருடைய மேலதிகாரியும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் இதைக் கேட்கவே கேட்காதீர்கள். நாலு பேர் முன்னால் கேட்டால் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பேசுவார், பணத்தைப் பற்றிப் பேசமாட்டார். தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். ராபர்ட்டும் தூதரும் தனியாகத்தான் பேசினார்கள், நான் திரும்பத் திரும்ப அங்கேயே வருவது இதனால்தான்.

நேரம் ஆகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். மறுப்பது எப்படி என்று விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கிச் சொல்கிறேன். முடியாது என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள், ‘பார்க்கலாம்’ என்று இழுக்காதீர்கள், அவருக்கு வேறு ஆள் தேட நேரம் வேண்டும். காரணம் ஒன்று போதும், நாலு காரணம் சொன்னால் நாலையும் உடைக்க வழி தேடுவார். அப்புறம், உங்களால் முடிகிற சிறிய உதவி ஏதாவது இருந்தால் அதே பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். வணக்கம்.