மெஷின் எண்ணியது போக மிச்சம்

வணக்கம் நேயர்களே. லேப் டெக்னீஷியன் படிப்பு மாணவர்களுக்கு ரத்தவியல் நடத்துகிறேன். “ரத்த அணுக்கள் எல்லாவற்றையும் மெஷினே எண்ணித் தருகிறதே, ஸ்மியர் எதற்கு?” என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது கேட்பார்கள். ஸ்மியர் என்றால் ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடி ஸ்லைடில் மெல்லியதாகத் தேய்த்து, சாயமிட்டு, மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது. நியாயமான கேள்விதான்.

டெங்கு காலத்தில் ஒருவருக்கு பிளேட்லெட் 30,000 என்று மெஷின் காட்டுகிறது என வையுங்கள். ஒன்றரை லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டியது, வீடே பதறிவிடும். ஆனால் சிலருடைய ரத்தத்தில், ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்கச் சேர்த்துள்ள ஈடிடிஏ என்ற ரசாயனம் பட்டதும் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அந்தக் கொத்துகளை மெஷின் பிளேட்லெட்டாக எண்ணாது. ஸ்மியர் மெலிந்து முடியும் வால்பக்கத்தைப் பார்த்தால் ஊதா நிறத்தில் கொத்துக் கொத்தாகக் கிடக்கும். அப்புறம் உறையாமல் தடுக்கும் இன்னொரு ரசாயனமான சிட்ரேட் உள்ள குழாயில் மறுபடி ரத்தம் எடுத்து, அந்தத் திரவத்தால் ரத்தம் நீர்ப்பதை ஈடுகட்ட, வரும் எண்ணை 1.1ஆல் பெருக்கினால் பெரும்பாலும் உண்மை தெரிந்துவிடும். ஸ்லைடைப் பார்க்காமல் விட்டால், நன்றாக இருப்பவருக்கு பிளேட்லெட் ஏற்றும் நிலைகூட வரலாம். எனக்கு இதில் சமரசமே கிடையாது.

அதனால் முதலில் கையைப் பழக்குகிறோம். சிறு துளி ரத்தம், இன்னொரு ஸ்லைடை 30 முதல் 45 டிகிரி சாய்த்து ஒரே தள்ளு. தயங்கினால் வரிவரியாக விழும். காய்ந்ததும் செல்களுக்கு நிறமேற்றும் லீஷ்மன் சாயம், பிறகு பஃபர் கரைசல். பார்க்க வேண்டியது செல்கள் லேசாக உரசிக்கொண்டு நிற்கும் இடத்தை மட்டும். அங்கே லிம்ஃபோசைட் என்ற வெள்ளையணு வகையில் சிறியதாக ஒன்றைத் தேடுங்கள்; அதன் உட்கருவும் நல்ல சிவப்பணுவும் ஏறக்குறைய ஒரே அளவு. சிவப்பணு அதைவிடச் சிறுத்து, நடுவெளுப்பு அகன்றிருந்தால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் கேரியரிடமும், அதாவது நோய் இல்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமப்பவரிடமும், இதே தோற்றம் வரும் என்பதால், இரும்பு மாத்திரை எழுதும் முன் அதையும் யோசிக்க வேண்டும்.

கண் மட்டும் போதாத இடமும் உண்டு. சிவப்பணு அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோய் அரிவாள் செல் நோய்; நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அதன் மரபு இருப்பதை லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் 1952இலேயே எழுதினார்கள். ஆனால் அதன் கேரியருக்கு ஸ்மியர் பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். ஆக்சிஜன் இல்லாமல் செய்தால்தான் செல் வளையும்; அதற்குச் சிக்கிளிங் சோதனை, உறுதி செய்ய, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ஹெச்பிஎல்சி சோதனை. கணவன் மனைவி இருவரும் கேரியர் என்றால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. நீலகிரியில் கூடலூர், பந்தலூர் பக்கம் வேலைக்குப் போகிற மாணவர் இந்தச் சோதனையைத் தானே செய்யவும், முடிவை அந்தக் குடும்பத்துக்குப் புரியும்படி சொல்லவும் தெரிந்துகொண்டுதான் போக வேண்டும்.